பழைய இரட்டை எஞ்சின் டர்போபிராப் விமானம் வாங்க நினைக்கும் டர்பன் வணிகருக்கு: ஆவணம், செலவு, கால அளவு

டர்பனில் எங்கள் குடும்பம் நடத்திவரும் மொத்த வியாபாரத்துக்காக, அமெரிக்காவிலிருந்து பழைய கிங் ஏர் பி200 டர்போபிராப் (டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லர் சுழலும்) விமானம் ஒன்றை வாங்கிக்கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று மாதங்களில் முடியும் என்று பெரியப்பாவிடம் சொல்லித் தொடங்கினேன். எங்கள் ஆட்கள் அதில் முதன்முதலாக ஏறிப் பறந்தபோது பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி விமானத்தின் குறையால் வந்ததன்று. எந்தத் தாளை எப்போது, யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததால் வந்தது.

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளிலும் கோயில் சபைக் கூட்டங்களிலும், இதே எண்ணத்தில் இருக்கும் தமிழ் வணிகர்கள் என்னைத் தனியே அழைத்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் வரிசையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நீங்கள் தென்னாப்பிரிக்காவில் பதிவுபெற்ற நிறுவனத்தை நடத்துகிறீர்கள், விமானத்தைச் சொந்தத் தொழில் பயணத்துக்கு மட்டும் பயன்படுத்தப்போகிறீர்கள், வெளிநாட்டிலிருந்து வாங்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உள்நாட்டிலேயே வாங்குகிறவர்கள் 9, 10 ஆகிய படிகளையும் 8-ஆம் படியில் அமெரிக்கப் பதிவு பற்றிய பகுதியையும் தாண்டிச் செல்லலாம். மற்றவை அவர்களுக்கும் பொருந்தும்.

1. பயணக் கணக்கை முதலில் எழுதுங்கள்

கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் நிறுவனத்தார் எங்கெங்கே, எத்தனை பேராக, எத்தனை முறை சென்றார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் டர்பன்–ஜொஹானஸ்பர்க், டர்பன்–கேப் டவுன் பயணங்களே நிறைந்திருந்தால் விமானம் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த வழிகளில் பயணிகள் விமானங்கள் நாள் முழுவதும் இருக்கின்றன, செலவில் அவற்றோடு நீங்கள் போட்டியிட முடியாது. காலையில் ம்தாதா, மதியம் கிம்பர்லி, மாலையில் பொலொக்வானே என்று ஒரே நாளில் மூன்று கிளைகளைப் பார்க்க வேண்டியவர்களுக்கும், மாபுட்டோவுக்கும் லுசாக்காவுக்கும் நான்கைந்து பேராக அடிக்கடி செல்ல வேண்டியவர்களுக்கும்தான் இந்தச் செலவு பொருள் தரும்.

ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறப்பீர்கள் என்பதும் அந்தத் தாளிலேயே வர வேண்டும். எங்களுக்கு அது ஏறத்தாழ 150 மணி நேரம். இந்த எண் பின்னால் எல்லாக் கணக்கிலும் வரும்.

எந்த ஓடுபாதைகளில் இறங்கப் போகிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டர்பன் வர்ஜீனியா விமான நிலையத்தின் ஓடுபாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, ஆனால் கடல் மட்டத்தில் இருக்கிறது. கிங் ஷாக்காவின் ஓடுபாதை 3,700 மீட்டர். லான்சீரியாவோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஜனவரி மாதத்து நண்பகல் வெயிலில் அங்கிருந்து நிறைந்த சுமையோடு கிளம்பும் விமானம், கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் தூரத்தைவிட வெகு அதிகமான தூரம் ஓடித்தான் எழும்பும். உங்களுக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கையோடும் எரிபொருளோடும் அந்த உயரத்துக்கும் வெப்பத்துக்கும் உரிய கணக்கை ஒரு விமானியைக் கொண்டு போடச் செய்யுங்கள்.

2. விமானத்தைத் தேடுவதற்கு முன் பராமரிப்பு நிறுவனத்தைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விமானம் எங்கே வாங்கப்பட்டாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், முடிவில் இந்த நாட்டு உரிமம் பெற்ற ஒரு பராமரிப்புப் பொறியாளர் அதன் தாள்களைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு மிட்ராண்டில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஆய்வாளர் பார்க்க வேண்டும். அந்தக் கையெழுத்தை இடப்போகிறவர் தொடக்கத்திலேயே உங்களோடு இருந்தால், எதை ஏற்பார், எதை ஏற்கமாட்டார் என்பது பணம் கைமாறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். விற்பனைத் தரகர் அனுப்பிய படங்களைப் பார்த்து விமானத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்த அதே பணிமனையிலேயே பரிசோதனையும் செய்ய வைத்து, எல்லாம் சரி என்ற அறிக்கையை நம்பி வாங்கிக் கொண்டுவந்தேன். இங்கே எங்கள் பொறியாளர் முதல் வாரத்திலேயே இரண்டு குறைகளைக் கண்டார்: இடப்பக்கப் புரொப்பெல்லரின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை) நாள்கணக்குப்படி காலங்கடந்திருந்தது, சக்கரத்தை இயக்கும் பாகம் ஒன்று மாற்றப்பட்டிருந்தது, ஆனால் அது பயன்படுத்தத் தகுந்தது என்று காட்டும் வெளியீட்டுச் சான்று எங்கும் இல்லை. இரண்டு மாதங்கள் விமானம் தரையில் நின்றது. அந்த இரண்டு மாதங்களுக்கும் நிறுத்துமிட வாடகையும் காப்பீடும் விமானியின் சம்பளமும் நாங்கள்தான் கொடுத்தோம்.

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டில் இருக்கும் விமானங்களில், உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் கால அளவைத் தாண்டியும் சட்டப்படியே பறப்பவை உண்டு. விற்பவர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் நாட்டு விதிப்படி அவர் விமானம் சரியாகவே இருக்கிறது. ஆனால் அதே விமானத்தை இங்குள்ள விதிகளின்கீழ் ஏற்றுக்கொள்ள வேண்டியவர் உங்கள் பொறியாளர். ஆகவே நீங்கள் வாங்க நினைக்கும் வகையில் அனுபவமுள்ள, ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனம் ஒன்றோடு முதலிலேயே ஒப்பந்தம் செய்து, அவர்கள் தாள்களைப் பார்க்கும் நேரத்துக்குக் கட்டணமும் கொடுத்துவிடுங்கள். இலவசமாகக் கேட்டால் மேலோட்டமான பதில்தான் கிடைக்கும்.

3. வகையைத் தேர்ந்தெடுத்தல்

தென்னாப்பிரிக்காவில் கிங் ஏர் குடும்பத்துக்குப் பழகிய பொறியாளர்களும் உதிரி பாகங்களும் விமானிகளும் கிடைப்பதுபோல் வேறு இரட்டை டர்போபிராப்புக்குக் கிடைப்பதில்லை. சி90 சிறியது, செலவு குறைந்தது. பி200-இன் உச்ச எடை 12,500 பவுண்டு. 270 நாட் (மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்) வேகத்தில் செல்லும். டர்பனிலிருந்து லான்சீரியா போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 350 இன்னும் பெரியது, உச்ச எடை 15,000 பவுண்டு. 12,500 பவுண்டு என்ற எடை வரம்பைத் தாண்டுவதால் கருவிகள், விமானித் தகுதி ஆகியவற்றில் கூடுதல் விதிகள் அதன்மேல் விழும்.

செஸ்னா கான்குவெஸ்ட், பைப்பர் செயென், டர்போ கமாண்டர், மிட்சுபிஷி எம்.யூ.-2 ஆகியவை விலை குறைவாகக் கிடைக்கும். கான்குவெஸ்ட் 441 வேகத்திலும் எரிபொருள் சிக்கனத்திலும் கிங் ஏரை வெல்லும் என்பது உண்மைதான். ஆனால் அதன் காரெட் எஞ்சினைத் தெரிந்த கைகள் உங்கள் ஊரில் எத்தனை என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கும்போது மிச்சமான பணம், பாகத்துக்காகக் காத்திருக்கும் வாரங்களில் கரைந்துபோவதை நான் பக்கத்துக் கொட்டகையில் பார்த்திருக்கிறேன்.

ஒற்றை எஞ்சின் பிலாட்டஸ் பி.சி.-12 உங்களுக்குப் போதுமா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் எஞ்சினுக்குரிய செலவு மிச்சம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இரவில் டிராகன்ஸ்பர்க் மலைகளுக்கு மேல் ஒரே எஞ்சினோடு போக இசையவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

4. ஆண்டுச் செலவைக் கணக்கிடுங்கள்

வாங்கும் விலையைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். 1980-களின் தொடக்கத்து விமானத்தை வியக்கத்தக்க குறைந்த விலையில் தருவார்கள். அந்த விலை ஏன் குறைவு என்பதை இந்தப் படிதான் சொல்லும்.

எரிபொருள்: பி200 மணிக்கு ஏறத்தாழ 380 லிட்டர் ஜெட் ஏ1 குடிக்கும். உங்கள் ஆண்டு மணிக்கணக்கால் பெருக்கி, உங்கள் நிலையத்தின் அன்றைய விலையால் பெருக்குங்கள்.

எஞ்சின்: பி200-இல் உள்ள பி.டி.6ஏ-42 எஞ்சினுக்கு உற்பத்தியாளர் குறித்துள்ள ஓவர்ஹால் இடைவெளி 3,600 மணி நேரம். இடையில் 1,800 மணியளவில், எஞ்சினின் மிக வெப்பமான உட்பகுதியைப் பார்க்கும் ஹாட் செக்‌ஷன் ஆய்வு. ஓர் எஞ்சினை ஓவர்ஹால் செய்யப் பல இலட்சம் டாலர் ஆகும், எஞ்சின்கள் இரண்டு. விற்பனைக்கு வரும் விமானத்தில் 1,200 மணி நேரம் மீதியிருந்தால், மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று பொருள். அந்த மூன்றில் இரண்டு பங்கு ஓவர்ஹால் தொகையை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே ஒரு விமானத்தை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

நாள்கணக்குச் செலவு: புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஆண்டுக்கு 150 மணி பறக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு 1,200 மணி என்பது எட்டு ஆண்டு; எஞ்சினைப் பற்றிய கவலை தள்ளிப்போகிறது. ஆனால் புரொப்பெல்லர், சக்கர அமைப்பு ஆகியவற்றின் ஓவர்ஹாலுக்குப் பறந்த அளவு மட்டுமன்றி ஆண்டுக்கணக்கும் உண்டு. இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ ஆறு ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பறந்தாலும் பறக்காமல் நின்றாலும் அந்த நாள் வந்துவிடும். இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கும் ஆண்டுக்கணக்கிலான ஆய்வும் மாற்றலும் உண்டு. வழக்கமான ஆய்வுகள் 200 மணிக்கு ஒன்றாக நான்கு கட்டங்கள் கொண்டவை. நான்கையும் 24 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். நாங்கள் 24 மாதங்களில் 300 மணிதான் பறக்கிறோம், ஆயினும் நான்கு கட்டங்களுக்கும் பணம் கட்டுகிறோம்.

இவற்றோடு கொட்டகை வாடகை, காப்பீடு, விமானிகள், அவர்களின் ஆண்டுப் பயிற்சி, வழிசெலுத்தும் தரவுகளுக்கான சந்தா, இறங்கு கட்டணம் ஆகியவற்றைச் சேருங்கள். எதிர்பாராதவற்றுக்கென்று முதல் ஆண்டில் வாங்கும் விலையின் பத்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வையுங்கள். எங்களுக்கு அது முழுவதும் தேவைப்பட்டது.

5. நிறுவனம், வங்கி, வரி

விமானத்தை எந்த நிறுவனத்தின் பெயரில் வாங்குகிறீர்கள் என்பதை, விலை பேசுவதற்கு முன்பே உங்கள் கணக்காளரோடு அமர்ந்து முடிவுசெய்யுங்கள். பாதியில் பெயரை மாற்றினால் எல்லா ஒப்பந்தத்தையும் மறுபடி எழுத வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 12சி பிரிவு, தொழிலுக்குப் பயன்படும் விமானத்தின் விலையை ஆண்டுக்கு 20% வீதம் ஐந்து ஆண்டுகளில் கழித்துக்கொள்ள இடந்தருகிறது. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் யார் சென்றார், எதற்காகச் சென்றார் என்ற குறிப்பேடு இருந்தால்தான் அந்தக் கழிவு கேள்வியின்றி நிற்கும். காவடித் திருவிழாவுக்கு உறவினரை ஏற்றிவந்த பயணமும், மாபுட்டோக் கிளையைப் பார்க்கப்போன பயணமும் ஒரே வரியில் எழுதப்படக் கூடாது.

பணம் டாலராக வெளியே செல்வதால், அந்நியச் செலாவணிக் கையாளுகைக்கு உரிமம் பெற்ற உங்கள் வங்கிக்கு விற்பனை ஒப்பந்தம், விலைச்சீட்டு, பின்னர் சுங்க ஆவணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். விமானம் வந்துசேரும் முன்பே முழுத்தொகையும் செல்கிறது என்பதை வங்கியிடம் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். விலை பேசிய நாளுக்கும் பணம் அனுப்பும் நாளுக்கும் இடையில் ஆறேழு வாரங்கள் கடக்கும். அதற்குள் ராண்ட் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முன்கூட்டியே டாலர் விலையை நிலைப்படுத்தும் ஏற்பாட்டைக் கேளுங்கள்.

6. விருப்பக் கடிதமும் முன்பணமும்

விமானம் ஒன்றைத் தேர்ந்த பிறகு, விலையையும் நிபந்தனைகளையும் குறிப்பிடும் ஒரு கடிதத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். முன்பணத்தை விற்பவருக்கோ தரகருக்கோ நேரடியாக அனுப்பாதீர்கள்; இருவருக்கும் பொதுவாகப் பணத்தை நடுவில் வைத்துக்காக்கும் எஸ்க்ரோ நிறுவனத்திடம் மட்டும் செலுத்துங்கள். அமெரிக்க விமானங்களுக்கு இத்தகைய நிறுவனங்கள் பல, பதிவகம் அமைந்துள்ள ஓக்லஹோமா நகரிலேயே இருக்கின்றன.

கடிதத்தில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். பரிசோதனை அறிக்கையைப் பார்த்து நீங்கள் ஏற்றுக்கொள்ளும் நாள்வரை முன்பணம் முழுவதும் திரும்பப் பெறத்தக்கது. பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறைகளை விற்பவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஏற்றுமதிக்குரிய பறப்புத்தகுதிச் சான்றிதழை அவர் பெற்றுத்தர வேண்டும். மூன்றாவது வரி எங்கள் கடிதத்தில் இல்லை. பின்னர் கேட்டபோது அதற்குத் தனி விலை சொன்னார்கள்.

வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புங்கள். மின்னஞ்சலைக் களவாடி எண்ணை மாற்றும் மோசடிக்கு இத்தகைய பெருந்தொகைகளே இலக்கு.

7. பரிசோதனை: முதலில் தாள்கள், பிறகு விமானம்

விமானத்தைப் பணிமனைக்குள் இழுப்பதற்கு முன், லாக்புக்குகள் (பறப்பும் பராமரிப்பும் பதியப்படும் ஏடுகள்) அனைத்தையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பொறியாளர் அவற்றைப் படித்து முடிக்க ஒரு வாரம் கொடுங்கள். அவர் தேட வேண்டியவை இவை:

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் முதல் இன்றுவரை இடைவெளியில்லாத பதிவு. உடல், இரு எஞ்சின்கள், இரு புரொப்பெல்லர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒரு லாக்புக் தொலைந்திருந்தால், விலையில் எவ்வளவு குறைத்தாலும் நான் இப்போது வாங்கமாட்டேன்.

எஞ்சினுள் சுழலும் தட்டுகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு. அவை தொடங்கி நிறுத்தும் சுழற்சிக் கணக்கில் எண்ணப்படும். ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணுக்கும் பிறந்த நாள் முதல் கணக்கு வேண்டும். கணக்கு அறுந்த தட்டு பயனற்ற தட்டு.

பறப்புத்தகுதி ஆணைகள் (பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய அரசு பிறப்பிக்கும் கட்டாய உத்தரவுகள்) ஒவ்வொன்றும் எப்போது, எந்த முறையில் நிறைவேற்றப்பட்டது என்ற பட்டியல், கையெழுத்தோடு.

பின்னால் செய்யப்பட்ட மாற்றங்கள்: நான்கு இலைப் புரொப்பெல்லர், கூடுதல் சரக்கறை, புதிய திரைக்கருவிகள் என்று கிங் ஏரில் மாற்றமில்லாதது அரிது. ஒவ்வொன்றுக்கும் அங்கீகாரத் தாளும், விமானக் கையேட்டில் அதற்குரிய துணைப்பகுதியும் இருக்க வேண்டும்.

உள் அலங்காரம் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அந்தத் தோலுக்கும் கம்பளத்துக்கும் நெருப்புச் சோதனைச் சான்று. புத்தம்புது இருக்கைகளைப் பார்த்து நாம் மகிழ்ந்துபோகிறோம். சான்று இல்லையென்றால் அந்த இருக்கைகளைக் கழற்றி மறுபடி செய்ய நேரிடும்.

இவையெல்லாம் தேறிய பிறகு, அந்த விமானத்தை வழக்கமாகப் பராமரிக்காத வேறொரு பணிமனையில் நேரடிப் பரிசோதனை நடக்க வேண்டும். உங்கள் பொறியாளரையே அங்கு அனுப்புங்கள். அவருடைய பயணச்சீட்டும் விடுதிச் செலவும் இந்த முழு முயற்சியிலேயே மிகப் பயனுள்ள செலவு. எஞ்சினின் உள்ளே போரோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு டர்பைன் இலைகளைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓட்டத்தின் அளவுகளைப் பழைய அளவுகளோடு ஒப்பிட வேண்டும். பயணிகள் அறையின் காற்றழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சோதனைப் பறப்பு வேண்டும். கடலோர மாநிலத்தில் நின்ற விமானம் என்றால் இறக்கைப் பிணைப்பு, சக்கரக் குழி, தரைத்தளத்தின் அடிப்பகுதி ஆகியவற்றில் துரு தேட வேண்டும். உப்புக்காற்று என்ன செய்யும் என்பது டர்பன்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டு இரும்புக் கதவுக்கு நேர்வதுதான் அதற்கும் நேரும். உலர்ந்த உள்நாட்டு மாநிலங்களில் கொட்டகைக்குள் வாழ்ந்த விமானத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

கருவிகளில் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: 29,000 அடியிலும் அதற்கு மேலும் பறக்கத் தனி ஒப்புதல் வேண்டும். விற்பவரிடம் அந்த ஒப்புதல் இருந்தாலும் அது அவரோடு முடிந்துவிடும். நீங்கள் புதிதாகப் பெற வேண்டும். அதுவரை கீழே பறந்து கூடுதல் எரிபொருள் எரிப்பீர்கள்.

பரிசோதனைக்கு இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும்; கண்ட குறைகளைச் சரிசெய்ய மேலும் சில வாரங்கள்.

8. உரிமைத் தேடலும் பணம் கைமாறும் நாளும்

எஸ்க்ரோ நிறுவனம் இரண்டு இடங்களில் தேட வேண்டும்: அமெரிக்கப் பதிவகத்தில் ஒன்று, கேப் டவுன் உடன்படிக்கையின்கீழ் விமானங்கள்மீதான கடனுரிமைகளைப் பதியும் சர்வதேசப் பதிவேட்டில் ஒன்று. 550 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின்கள் விமானத்திலிருந்து தனியாகப் பதியப்படுவதால், உடல் கடனின்றி இருந்து எஞ்சின் அடைமானத்தில் இருக்க முடியும். எஞ்சின் வரிசை எண்களைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவும் அந்த உடன்படிக்கையில் இருப்பதால், நீங்கள் வங்கிக் கடனில் வாங்கினால் உங்கள் வங்கியும் தன் உரிமையை அங்கே பதியும். கடன் தவறினால் பதிவை நீக்க அதிகாரம் தரும் ஒரு தாளிலும் உங்கள் கையெழுத்தைக் கேட்கும்.

இனி நான் தடுமாறிய இடம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத உங்களுக்கு உரிமை மாறியதும், விமானம் அமெரிக்கப் பதிவெண்ணில் பறக்க முடியாது. அப்படியானால் அது கடலைத் தாண்டுவது எந்தப் பதிவில்? ஒன்று, விமானம் இங்கு வந்துசேரும்வரை உரிமை விற்பவரிடமே இருக்கும்படி ஒப்பந்தம் எழுத வேண்டும். அல்லது முன்கூட்டியே இசட்.எஸ். என்று தொடங்கும் தென்னாப்பிரிக்கப் பதிவெண் ஒதுக்கிப் பெற்று, அதை விமானத்தில் வரைந்து, ஆணையத்தின் சிறப்புப் பறப்பு அனுமதியோடு கொண்டுவர வேண்டும். எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை விருப்பக் கடிதம் எழுதும்போதே தீர்மானியுங்கள். கடலுக்கு மேல் இருக்கும் நேரத்தில் காப்பீடு யார் பெயரில் என்பதும் அதையொட்டியே முடிவாகும்.

9. கொண்டுவருதல்

இதற்கென்றே தொழில்முறை ஃபெர்ரி விமானிகள் இருக்கிறார்கள். உங்கள் விமானியை இந்தப் பயணத்தில் பழக்க வேண்டாம். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அசோரஸ் தீவுகள், கேனரித் தீவுகள், பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே என்பது வழக்கமான வழிகளில் ஒன்று. காற்றையும் காத்திருப்பையும் சேர்த்து ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். கட்டணத்தோடு எரிபொருள், வழிநெடுகக் கடப்பு அனுமதிகள், இறங்கு கட்டணம், விடுதி எல்லாம் உங்கள் கணக்கில். கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தினால் அதற்கும் அங்கீகாரம் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் வழியே வருவதால் விமானிகள் தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். லாக்புக்குகளின் மூலப்பிரதிகளை விமானத்தில் ஏற்றாதீர்கள். பாதுகாப்பான கூரியரில் தனியே அனுப்புங்கள்.

10. சுங்கமும் வாட் வரியும்

முதலில் இறங்குவது சுங்க வசதியுள்ள சர்வதேச நிலையமாக இருக்க வேண்டும். லான்சீரியா அல்லது கிங் ஷாக்கா. பயன்படுத்திய பொருளுக்குரிய இறக்குமதி அனுமதி குறித்து, விமானம் அங்கே கிளம்புவதற்கு முன்பே உங்கள் சுங்க முகவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இறக்குமதி வாட் 15%. அது நீங்கள் கொடுத்த விலையின்மேல் மட்டும் கணக்கிடப்படுவதில்லை. சுங்க மதிப்போடு அதன் பத்து விழுக்காட்டையும், தீர்வை ஏதும் இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகையின்மேல் கணக்கிடப்படும். மதிப்பு 2 கோடி ராண்ட் என்றால், 2.2 கோடியின் 15%, அதாவது 33 இலட்சம் ராண்ட், விமானம் வெளிவரும் முன்பே செலுத்தப்பட வேண்டும். வாட் பதிவுபெற்ற நிறுவனம் தொழில் பயன்பாட்டுக்குரிய பங்கைத் திரும்பக் கோரலாம். ஆனால் இவ்வளவு பெரிய கோரிக்கையை வரித்துறை சரிபார்க்காமல் தராது. அந்த மாதங்களில் உங்கள் கடைச் சரக்குக்கு வேண்டிய பணம் அங்கே முடங்கிக் கிடக்கும் என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

11. பதிவும் பறப்புத்தகுதிச் சான்றும்

ஆணையத்திடம் கொடுக்க வேண்டியவை: விற்பனைப் பத்திரம், முந்தைய பதிவு நீக்கப்பட்டதற்கான சான்று, நிறுவன ஆவணங்கள், ஏற்றுமதிப் பறப்புத்தகுதிச் சான்று, ஆணைகள் நிறைவேறிய பட்டியல், மாற்றங்களின் பட்டியல், புதிதாக எடுத்த எடை–சமநிலை அறிக்கை, துணைப்பகுதிகள் அனைத்தும் கொண்ட விமானக் கையேடு, காப்பீட்டுச் சான்று. வானொலி உரிமம் தனியாகத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐ.சி.ஏ.எஸ்.ஏ.விடம் பெற வேண்டும். பதிவெண் மாறும்போது ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் குறியீடும் அவசரகால ஒலிபரப்பியின் குறியீடும் மாற்றப்பட வேண்டும். இதை மறந்து ஆய்வாளர் வந்த நாளில் திரும்பிச் சென்ற கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

தாள்கள் முழுமையாக இருந்தால் ஆறு முதல் பத்து வாரம் என்று வையுங்கள். ஒரு தாள் குறைந்தால் உங்கள் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போகும்.

12. காப்பீடும் விமானிகளும்

பி200-ஐ ஒரே விமானி ஓட்டச் சான்று உண்டு. ஆனால் காப்பீட்டாளர் தொழில்துறைப் பயணிகளை ஏற்றும்போது இருவரைக் கேட்பார். மூத்த விமானிக்கு இவ்வகையில் இத்தனை மணி அனுபவம், ஆண்டுக்கொரு சிமுலேட்டர் பயிற்சி என்றும் எழுதுவார். ஆகவே விமானியை நியமிக்கும் முன் அவருடைய அனுபவக் கணக்கைக் காப்பீட்டாளருக்கு அனுப்பி, எழுத்தில் ஏற்பு வாங்குங்கள். நாங்கள் முதலில் நியமித்த இளைஞர் நல்லவர், திறமையானவர்; காப்பீட்டாளர் கேட்ட மணிக்கணக்கு அவரிடம் இல்லாததால் அவரைத் துணை விமானியாக வைத்து இன்னொருவரைத் தேட வேண்டியதாயிற்று.

13. பணம் வாங்கி யாரையும் ஏற்றாதீர்கள்

விமானம் வந்த முதல் மாதமே நண்பர்கள் கேட்பார்கள்: "லுசாக்கா போறீங்களாமே அண்ணே, எரிபொருள் காசைப் பாதி நான் தர்றேன், என்னையும் ஏத்திக்கோங்க." அன்பாகக் கேட்பதால் மறுப்பது கடினம். ஆனால் பயணத்துக்கு ஈடாகப் பணம் பெறுவது வாடகைச் சேவை. அதற்கு விமானச் சேவை உரிமக் கழகத்தின் உரிமமும் ஆணையத்தின் இயக்கச் சான்றும் வேண்டும். அவை இல்லாமல் ஏற்றி, ஏதேனும் நேர்ந்தால் காப்பீட்டாளர் விலகிக்கொள்வார். உங்கள் நிறுவனமே அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நண்பரை இலவசமாக ஏற்றுங்கள், அல்லது ஏற்றாதீர்கள்.

நீங்கள் பறக்காத நாள்களில் விமானத்தை வாடகைக்கு விட விரும்பினால், அத்தகைய சான்று வைத்திருக்கும் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அப்படியானால் கருவிகளுக்கும் பராமரிப்புக்கும் கூடுதல் விதிகள் வரும். அந்த நிறுவனத்தையும் இரண்டாம் படியிலேயே பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

14. எப்போது தொடங்குவது

தேடலுக்கு மூன்று மாதம், தாள்களுக்கும் பரிசோதனைக்கும் திருத்தத்துக்கும் இரண்டு மாதம், பணம் கைமாறிக் கொண்டுவர ஒரு மாதம், இங்குள்ள ஆய்வுக்கும் சான்றுக்கும் மூன்று மாதம் என்று ஒன்பது மாதங்களை ஒதுக்குங்கள். அமெரிக்காவில் ஆண்டு முடிவுக்குள் வாங்கி வரிச் சலுகை பெற நினைப்பவர்களால் நவம்பர், டிசம்பரில் பரிசோதனைப் பணிமனைகளில் இடம் கிடைப்பதில்லை, விற்பவரும் விலையில் இறங்குவதில்லை. இங்கோ டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம்வரை பணிமனைகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டார்கள். எங்கள் விமானம் டிசம்பர் 14 அன்று லான்சீரியாவில் இறங்கியது. அதைத் தொட முதல் ஆள் வந்தது ஜனவரி 12 அன்று. பிப்ரவரியில் தேடத் தொடங்குங்கள். ஆகஸ்டுக்குள் விமானம் இங்கே நின்றால், புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளிச் சரக்குக்காக நீங்கள் கிளைகளைச் சுற்றும் வேளையில் அது பறப்பதற்கு ஆயத்தமாக இருக்கும்.